சிமெண்டில் தேய்ந்த தடம்

விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். அணைக்க வேண்டாம்... தணித்தால் போதும். எல்லாரும் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் யாரும் தனியாக இருக்க வேண்டாம்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இது நடந்தது பட்டப்பகலில். பிற்பகல் மூன்று மணி. மூடிக் கிடக்கும் மில்லுக்குப் பின்னால் போகிற சாலை. ஒரு பக்கம் மில்லின் நீளச் சுவர், மறுபக்கம் முள்வேலி. அந்த வெயிலில் ஒரு நாய்கூட அங்கே நடக்காது.

அந்தச் சாலையின் கடைசி வீட்டைத்தான் நம் தையல்காரருடைய மச்சான் வாங்கியிருந்தார். தையல்காரர் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தையல்காரர் வாய்க்கு வாய் மச்சான் மச்சான் என்பார். நாமும் மச்சான் என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கும் நஷ்டமில்லை.

வீடு நல்ல வீடுதான். மேலே இரண்டு அறை, கூடம், சமையலறை. கீழே ஒரு நிலவறை.

மச்சானின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நடை போய்விட்டது. தரையில் உட்கார்ந்தபடியே, இரண்டு உள்ளங்கையையும் முன்னால் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்துத்தான் நகர்வார். வாய் மட்டும் நன்றாக நடக்கும். புது வீட்டின் மேல் அறைகளில் ஒன்று மச்சானுக்கும் மனைவிக்கும். இன்னொன்று பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு. அம்மாவுக்கு நிலவறை என்று மச்சான் முடிவு செய்திருந்தார்.

"கீழ ரூம் அமைதியா இருக்கும். வெயில் தெரியாது" என்றார் மனைவியிடம்.

"வெளிச்சமும் தெரியாது. அத்தை எப்படிங்க மேல வருவாங்க?"

"நாமதான் கீழ போய்ப் பார்த்துக்கப் போறோமே."

"தினமுமா?"

மூலையிலிருந்து அம்மாதான் பேசினார்.

"விடும்மா. சாமான் பாதி மேல போகும், பாதி கீழ போகும். நான் எந்தப் பாதின்னு அவனுக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மச்சான் கெட்டவர் இல்லை. நம்மைப் போலத்தான். செய்யத் தகாத ஒன்றைச் செய்யும்போது அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்கிறவர்.

ஞாயிற்றுக்கிழமை குடிபோவதாகப் பேச்சு. அதற்குள் நிலவறைத் தரை சுத்தமாக வேண்டும். சுத்தம் செய்யப் போன முதல் நாள் தையல்காரரும் கூட வந்தார். கதவைத் திறந்ததும் இருவரும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

வருஷக்கணக்காக யாரும் இறங்காத இடம். மழைத்தண்ணீர் புகுந்து, வற்றி, மறுபடி புகுந்து... கணுக்கால் அளவு கறுப்புச் சேறு. ஊறிச் சிதைந்த அட்டைப்பெட்டிகள். துருப்பிடித்த பெயிண்ட் டப்பாக்கள். எலிப் புழுக்கை. நனைந்த சாக்கின் நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு வாசனை... தலை எண்ணெய் தலையணையில் நாள்பட ஊறினால் வருமே, அது.

"மச்சான், வீட்டை வாங்கினீங்களா, குட்டையை வாங்கினீங்களா?"

"பேசாம மண்வெட்டியைப் பிடிங்க மாப்ளே."

அள்ளினார்கள். சுரண்டினார்கள். பிளீச்சிங் பவுடரைத் தூவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். சாயங்காலம் தரை தலைகாட்டியது. சாம்பல் நிறச் சிமெண்ட். உப்புத்தாள் மாதிரி ஒரே சொரசொரப்பு.

திடீரென்று தையல்காரர் சறுக்கித் தொப்பென்று விழுந்தார்.

"இந்த இடம் மட்டும் சோப்பு மாதிரி வழுக்குதே மச்சான்..."

மச்சான் டார்ச் அடித்துப் பார்த்தார். சொரசொரப்பான தரையின் நடுவே ஒரு வழவழப்பான பட்டை. ஓர் ஆள் உட்காரும் அகலம். தூர மூலையில் தொடங்கி, தூணைச் சுற்றி வளைந்து, படிக்கட்டின் அடியில் வந்து முடிந்தது.

"தண்ணி ஓடின தடமா இருக்கும்" என்றார் தையல்காரர்.

"தண்ணி தூணைச் சுத்திக்கிட்டுப் படிக்கா வரும்?"

தூணில் ஒரு கறை. எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்த கறை. நிற்கிறவன் கை எட்டும் உயரத்தில் இல்லை. தரையில் உட்கார்ந்திருப்பவர் பிடிக்கும் உயரத்தில்.

தையல்காரர் சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு, "ஒரு ரவிக்கை அவசரமாத் தைக்கணும் மச்சான்" என்று கிளம்பினார். அப்புறம் அந்த நிலவறைக்கு அவர் வரவே இல்லை.

மறுநாள் மச்சான் தனியாகப் போனார். மூன்று மணி என்றேனே, அதுதான். வெளியே வெயில் கொளுத்தியது. கீழே ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கீற்று. தூர மூலையிலிருந்து கழுவிக்கொண்டே பின்னால் நகர்ந்து, படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தார். கடைசியாக முதல் படியைத் தேய்க்கத் திரும்பிக் குந்தினார். முகம் படிக்கு... முதுகு அறைக்கு.

தப்... சர்ரக்.

தேய்த்துக்கொண்டே இருந்தார்.

தப்... சர்ரக். தப்... சர்ரக்.

உள்ளங்கை தரையில் ஊன்றும் சத்தம். புடவை தரையில் உரசும் சத்தம். தினமும் வீட்டில் கேட்கிற சத்தம். அதனால்தான் அவருக்குப் பயமே வரவில்லை. திரும்பாமலே, எப்போதும் சொல்வது போலச் சொன்னார்.

"இரும்மா, ஈரமா இருக்கு, வழுக்கும். நான் தூக்கிக்கிறேன்."

சத்தம் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டது போல நின்றது.

பிரஷ் இன்னும் இரண்டு தடவை தேய்த்தது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அம்மா இங்கே இல்லை. ஊரின் மறுகோடியில், பழைய வீட்டில் இருக்கிறார்.

கை நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எண்ணெய் வாசனை கனமாக வந்தது.

தப்... சர்ரக்.

முதுகுக்குப் பின்னால். மிக அருகில். தரையில் நின்ற தண்ணீர் விலகி வந்து அவர் குதிகாலைத் தொட்டது.

பிறகு, ஈரமான இரண்டு கைகள் தோளுக்கு மேலே வந்தன. ஒன்றையொன்று தேடின. அவர் தொண்டைக்குக் கீழே பத்து விரலும் கோத்துக்கொண்டன.

கத்தப் பார்த்தார். "கடவுளே" என்று மனசுக்குள் ஒரே ஒரு தடவை வந்தது. காதோரம் மூச்சு... ஜில்லென்ற மூச்சு. அவசர அவசரமான மூச்சு. அந்தப் பிடி கழுத்தை நெரிக்கிற பிடி இல்லை. நடுவில் போட்டுவிடுவானோ என்று பயந்து பிடிக்கிற பிடி. அம்மாவைத் தூக்கும்போதெல்லாம் அவர் கழுத்துக்குத் தெரிந்த பிடி.

தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எழுந்தார்.

முதுகில் கனம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினார். "விட மாட்டேன்... விட மாட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. மேலே, கூடத்து வெளிச்சத்தில் கால் வைத்ததும் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கனம் இறங்கியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக்கூடத் தேடவில்லை.

வீட்டுக்கு வந்தவர் நேராக அம்மாவின் முன்னால் உட்கார்ந்தார். அம்மாவின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுவதும் காய்ப்பு, மரப்பட்டை மாதிரி. அத்தனை நாளும் அவர் பார்த்ததில்லை.

"கீழ வேண்டாம்மா. எங்க ரூம் உனக்கு. நாங்க கூடத்துல படுத்துக்கறோம்."

"நான் என்ன கல்யாணப் பொண்ணா, பெரிய கட்டில் கேட்க?" என்றார் அம்மா. மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மனைவி அவர் சட்டையைக் கழற்றி வாங்கினாள். முதுகுப் பக்கம் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குடிபோனார்கள். நிலவறைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஜன்னலோரப் பெரிய கட்டிலில் அம்மாவைப் படுக்க வைத்தார்கள். ராத்திரி ஒரு சத்தமும் இல்லை. பல நாள் கழித்து மச்சான் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் மனைவி காபி கொண்டுபோனாள். மச்சான் பின்னாலேயே போய் அறை வாசலில் நின்றார். அம்மா கட்டிலின் விளிம்பில் ஒடுங்கிக் கிடந்தார். இன்னும் ஒரு விரல் நகர்ந்தால் கீழே விழுந்துவிடுவார்.

"இவ்வளவு பெரிய கட்டில்ல ஏன் அத்தை இப்படி ஓரமா?"

அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லப் பேசு. அவங்க இப்பத்தான் கண்ணசந்தாங்க. ராத்திரி பூரா ஒரே நடுக்கம், பாவம். போர்வை விலகிப் போச்சு பாரு. எனக்கு எட்டல... நீ கொஞ்சம் போர்த்திவிடு."

மனைவி மச்சானைப் பார்த்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் யாரும் இல்லை. விரிப்பு ஈரமாகக் கிடந்தது. அவள் வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள். போர்வையை எடுத்து, உதறி, அந்தக் காலி இடத்தின் மேல் விரித்தாள்.

போர்வை மெத்தையில் படியவில்லை. ஒருக்களித்துப் படுத்த ஓர் உடம்பின் அளவுக்கு உயர்ந்து நின்றது... பிறகு மெல்ல இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது.