பனியில் நின்ற புகையிரதத்தின் கடமைத் தொலைபேசி

நான் கொறற்றி இமானுவேல், வயது நாற்பத்து நான்கு, பீலெஃபெல்ட் நகரில் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். புகையிரதத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வேலை செய்கிறேன். சென்ற மாதப் பனிப்புயலைப் போக்குவரத்துச் சேவைகள் எப்படிச் சமாளித்தன என்று ஆராயும் அரச விசாரணைக் குழு என்னை அழைத்தது. எனக்கு ஜேர்மன் நன்றாகத் தெரியும். ஆயினும் அன்று ஒரு பயணியுடன் நான் கதைத்தது தமிழில் என்றபடியால் தமிழிலேயே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் இது பதியப்படுகிறது.

அன்று காலை பிராங்பேர்ட்டில் இருந்து புறப்பட்ட எங்கள் புகையிரதம், பீலெஃபெல்ட்டை நெருங்கும் வேளையில் வயல்வெளியில் நின்றது. பனிப்பாரம் தாங்காமல் மரமொன்று மின்கம்பியின் மேல் விழுந்திருந்தது. அதன் பின்னர் மின்சாரம் போய், சூடாக்கியும் நின்றது. சாரதியின் தொடர்புக்கருவியும் சற்று நேரத்தில் அடங்கியது. நான் கடமைத் தொலைபேசியில் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவித்தேன். கதவுகளைத் திறக்க வேண்டாம், இந்தத் தொலைபேசியை வேறெதற்கும் பாவிக்க வேண்டாம், நாங்கள் அழைப்போம் என்றார்கள். அதன் பின்னர் நான் அழைத்தபோதெல்லாம் காத்திருக்கும்படி பதிவுக்குரல்தான் சொன்னது.

அதன் பின்னர் இரண்டாம் பெட்டியில் இருந்த ஒருவர் என் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழில் கதைத்தார். பெயர் சிறீதரன் என்றார், ஐம்பது வயது மதிக்கலாம். பீலெஃபெல்ட்டில் இறந்துபோன அவருடைய தாயாரின் தகனம் அன்று பிற்பகல் நடக்க இருந்தது. தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். நான் கிறிஸ்தவ வேதக்காரி என்றாலும் அது எனக்குத் தெரியும். இவர்தான் கடைசி.

"தங்கச்சி, கதவை ஒருக்காத் திறந்துவிடுங்கோ. நடந்தெண்டாலும் போறன்" என்றார்.

"ஏலாது அண்ணை. கம்பி அறுந்து கீழ கிடக்குது. கரண்ட் ஓடுதோ இல்லையோ ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். கதவின் திறப்புச் சாவி என் இடுப்பில்தான் தொங்கியது.

அதன் பின்னர் அவர் தமக்கை கமலநாயகியுடன் கைத்தொலைபேசியில் பேசினார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. தகனசாலையில் தங்களுக்குப் பின்னால் வேறு குடும்பம் நிற்கிறது என்றும், இந்த ரெர்மினை, அதாவது ஒதுக்கித் தந்த நேரத்தை, விட்டால் அடுத்தது அடுத்த கிழமைதான் என்றும், லண்டனில் இருந்து வந்த சனம் அதுவரை நிற்க முடியாது என்றும் தமக்கை சொன்னார். "என்ர மகன் செய்யட்டோ? நீ சொல்லு தம்பி" என்று கேட்டார். "ஓம் அக்கா, செய்யட்டும். அம்மான்ர முகத்தை மட்டும் வீடியோவில காட்டுங்கோ" என்று இவர் சொல்லும்போதே அவரது கைத்தொலைபேசி அணைந்துவிட்டது.

அதன் பின்னர் இருவரும் பெட்டிபெட்டியாகக் கைத்தொலைபேசி கேட்டுப் போனோம். பெரும்பாலானவர்களுடையது அணைந்திருந்தது. மற்றவர்கள் தங்கள் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று மறுத்தார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. என்னுடையது, கழிவறைக்குப் போகிறவர்களுக்கு வெளிச்சம் பிடித்தே முடிந்திருந்தது. அதன் பின்னர் அவர் என் கையில் இருந்த கடமைத் தொலைபேசியைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் தங்கச்சி. முகத்தைப் பாத்திட்டுத் தாறன்."

பெட்டிக்குள் கைக்குழந்தைகள் குளிரில் அழுதுகொண்டிருந்தன. "அண்ணை, இதில கோல் வந்தால்தான் இவ்வளவு சனமும் இறங்கலாம்" என்றேன். "ஓம், விளங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இருக்கையில் இருந்தார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பின்னர் அவர் பையில் இருந்த வேட்டியை எடுத்துக் காற்சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு வந்து, இறந்தவர்கள் போகும் திசையான தெற்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். யன்னல் முழுவதும் பனி அப்பியிருந்தது. வருடக்கணக்காக இந்தப் பாதையில் வேலை செய்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வராமல் இடது பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். பக்கத்தில் இருந்த ஜேர்மன் பெண் தன் பிள்ளையைச் சத்தம் போடாமல் பிடித்துக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் பக்கத்துக் கிராமத்துத் தீயணைப்புத் தொண்டர்கள் வந்து எங்களை இறக்கினார்கள். அவர்களை யாரும் அனுப்பவில்லை. புகையிரதம் நிற்பதை ஒரு விவசாயி கண்டு சொன்னாராம். சிறீதரன் இறங்கும்போது "போட்டு வாறன் தங்கச்சி" என்றார்.

கடமைத் தொலைபேசியை விதிப்படி வேறெவரும் பாவிக்காமல் வைத்திருந்தேனா என்று குழு கேட்டது. வைத்திருந்தேன். சரியாக நடந்துகொண்டேன் என்று குறித்துக்கொண்டார்கள். அது ஒருதரமும் அடிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, மாற்ற எதுவும் இல்லை.

ஒப்பம்: கொறற்றி இமானுவேல்