இடம் மாறிய ஃபைல்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான் கம்ப்யூட்டர் பார்க்கும் எங்கள் வேலை, சார். டேட்டாபேஸைத் தொடங்கினால், அது ஓடுவதற்குத் தேவையான லைப்ரரி ஃபைல் இல்லை என்று திரையில் வரும். பதறத் தேவையில்லை. ஃபைல் பெரும்பாலும் வேறொரு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். வழியைக் காட்டிவிட்டால் போதும், படுத்துக் கிடந்தது எழுந்து உட்கார்ந்துவிடும்.

எங்கள் குளிர்பதனக் கிடங்கின் கதவுகளும் அந்த டேட்டாபேஸை நம்பியே இருந்தன. அட்டையைக் காட்டினால், ஆள் யார் என்று அதில் பார்த்துத்தான் பூட்டு திறக்கும். அது நின்றுபோனால் கதவும் திறக்காது. அவசரத்துக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. உறைபொருள் அறையில் அது உடைந்திருப்பதாக என்னிடம் வந்து சொன்னவரே மாப்பிள்ளைதான். என் தங்கையின் கணவர், கிடங்கின் மேற்பார்வையாளர்.

அவர் தங்கையை அடித்தாரா என்று கேட்டீர்கள். இல்லை. குடிப்பதும் இல்லை. தங்கமான மனிதர்.

பெற்றோர் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் என் வீட்டு மாடியிலேயே குடிவைத்தேன். கண்ணுக்குள் வைத்துக் காத்தேன். வெளியே போனால் கூடவே போவேன். அவளுக்கு வரும் போனை நானே எடுத்துப் பேசுவேன். ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நாங்க போறோம். இங்க எனக்கு மூச்சு முட்டுது."

அவளுக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது. அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

விடுமுறை நாள், மதியம். இருப்பைச் சரிபார்க்க அவர் உறைபொருள் அறைக்குள் போனார். சர்வர் அறையில் நான் மட்டும். ஒரு லைப்ரரி ஃபைலை எடுத்து வேறு ஃபோல்டரில் வைத்துவிட்டு, டேட்டாபேஸை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். எதிர்பார்த்த செய்தி திரையில் வந்தது. நான் எதையும் அழிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அறைக்குள் செல்போன் எடுக்காது. சுவரில் ஒரு போன் இருக்கும், அது என் மேசைக்கு மட்டும்தான் வரும்.

"மச்சான், கதவு திறக்கல."

"ஒரு ஃபைலைக் காணோம் மாப்ள. தேடிட்டிருக்கேன்."

மறுபடி மறுபடி கூப்பிட்டார். ஒருமுறைகூட என்னைச் சந்தேகப்படவில்லை. குளிரில் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தபோதும், "பதறாமப் பாருங்க மச்சான், உங்களால முடியும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். பிறகு நாக்குக் குழறியது. பிறகு போன் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு, ஃபைலைப் பழைய இடத்தில் வைத்தேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது.

இறுதிக் காரியங்களை நானே முன்னின்று குறையில்லாமல் நடத்தினேன். ஊருக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது.

கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி உங்களிடம் வந்து நின்றவள் அவள்தான் என்கிறீர்கள். துக்கத்தில் ஏதோ உளறியிருப்பாள், பாவம், குழந்தை. கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று சொல்லுங்கள். நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும், சார். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?