பறவைக்கு ஊட்டுவது போல

காக்கட்டீல் கிளிக்குச் சளி பிடித்தால் முதலில் தெரிவது வாலில்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கும். எங்கள் மீனுவுக்கு அப்படித்தான் ஆனது. தீனியும் எடுக்கவில்லை. கூடையில் வைத்துக் காரைக்குடிக்குப் பேருந்தில் கொண்டுபோனேன்.

கால்நடை டாக்டர் நல்ல மனிதர். நெஞ்சை அழுத்தாமல் துண்டில் சுற்றிப் பிடிக்கச் சொல்லித் தந்தார். கூழோ மருந்தோ, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து அலகின் இடது ஓரமாகத் துளித்துளியாக விட வேண்டும்.

“நிமிந்தே இருக்கணும்மா. விழுங்குனாத்தான் அடுத்த சொட்டு. மல்லாக்கப் போட்டு ஊத்துனீகன்னா நுரையீரலுக்குள்ள போயிரும். அப்புறம் பிழைக்காது.”

“மனுசருக்கும் அப்படித்தானா டாக்டர்?”

“ஆமா. படுக்கையில கிடக்கவகளுக்கு ரொம்பக் கவனமாக் குடுக்கணும். ஏன், வீட்ல யாரும் இருக்காகளா?”

“இல்லைங்க” என்றேன்.

வீட்டில் என் கணவர் முத்துக்கண்ணன் இருந்தார். புதுவயல் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். பக்கவாதத்தில் பேச்சும் வலப்பக்கமும் போய், மானகிரி வீட்டில் படுத்த படுக்கையானார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் என்னைக் கைநீட்டியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தூக்கி உட்கார வைத்தால் சரிவார். தலையணை அண்டக் கொடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் காத்திருக்க வேண்டும். நாளைக்கும் அதே.

மீனு ஒரு வாரத்தில் தேறிச் சீட்டியடித்தது. தேறுகிற உயிருக்குச் செய்யும்போது கை வலிப்பதில்லை ஐயா.

அதன்பிறகு அவரை உட்கார வைப்பதை விட்டுவிட்டேன். மல்லாக்கப் படுத்தபடியே கஞ்சி ஊட்டினேன். இருமினார். நெஞ்சில் கரகரப்பு கேட்டது. பக்கத்து வீட்டுப் பொன்னழகு உங்களிடம் சொன்னதில் பொய்யில்லை. “அண்ணனை நிமித்தி வச்சுக் குடுங்கக்கா” என்று அவள் சொன்னாள்தான். அப்படித்தான் கொடுக்கிறேன் என்றேன். பிறகு காய்ச்சல் கண்டது. டாக்டரைக் கூப்பிடவில்லை.

கடைசி நாளன்று வாயை இறுக மூடிக்கொண்டார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருக்கும் புரிந்துவிட்டதென்று நினைக்கிறேன். “இன்னும் ஒரு வாய்தாங்க” என்று சொல்லி, கன்னத்தை அழுத்தித் திறந்தேன்.

தெரிந்துதான் செய்தேன். கொலை என்று நீங்கள் சொல்வதுதான் சங்கடமாக இருக்கிறது. யாரையும் பசியோடு அனுப்ப எனக்கு மனம் வராது. கிண்ணம் காலியாகும்வரை ஊட்டித்தான் அனுப்பினேன்.