ஒரு டா, ரெண்டு டா

— மரியாதை தெரியாத பயலுக்கு என் பொண்ணு கிடையாது. சொல்லிட்டேன்.

— அப்பா, அவர் வேற மாதிரில்ல சொன்னாரு. கண் டெஸ்ட் பண்ணத்தானே உங்க கடைக்கு வந்தாரு?

— வந்தான் அந்த லிஃப்ட் மாட்டுறவன். உக்கார வச்சு, மேல் வரிசை தெரியுதான்னு கேட்டேன். ‘டா’ங்கிறான். சரி, நம்ம காதுதான் சரியில்லன்னு அடுத்த வரிசையைக் காட்டுறேன். மறுபடியும் ‘டா’. முப்பது வருஷமா கண்ணாடிக்கடை வச்சிருக்கேன், ஒருத்தன் என்னை டா போட்டதில்ல.

— ஐயோ, சிரிக்க வைக்காதீங்கப்பா.

— சிரிப்பா இருக்கா உனக்கு?

— அவர் பேசுறது ரஷ்ய மொழி. அதுல ‘டா’ன்னா ஆமான்னு அர்த்தம். நாக்கைப் பல்லுல வச்சு மெத்துன்னு சொல்லுவாங்க. பதட்டத்துல நான் சொல்லிக்குடுத்த தமிழெல்லாம் மறந்து போயிருக்கும்.

— ஆமாவா? நிஜமாவா?

— ஜெர்மன்காரங்களுக்கு அதே சத்தம் ‘அங்க’. சீனாக்காரங்களுக்கு ‘பெரிய’. நம்ம டா, ‘அடா’ தேஞ்சு வந்தது. வேற வேற வீட்டுப் பிள்ளைங்கப்பா, முகஜாடை மட்டும் ஒண்ணு.

— உன் மொழிபெயர்ப்பு வேலை இன்னைக்குத்தான் வீட்டுக்கு உதவுது.

— கேட்டதுக்கெல்லாம் அவர் ஆமான்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?

— அதை விடு.

— அப்பா.

— கோவத்துல வாயை விட்டுட்டேன். ‘யாரைடா டா போடுற? என்னடா நெனச்சே? எந்திரிடா, போடா’ன்னேன். அவன் என்னடான்னா என் கையைப் புடிச்சுக் குலுக்குறான், கண்ணெல்லாம் தண்ணி. அவமானத்துல அழுறான்னு நெனச்சு, ஷட்டரை இறக்கிட்டு வந்துட்டேன்.

— அவமானமெல்லாம் இல்ல. நான் சொல்லிக்குடுத்தது வாங்க, போங்க மட்டும்தான். வாடா, போடாவெல்லாம் அவருக்குத் தெரியாது.

— அப்படின்னா?

— நீங்க மூச்சு விடாம ‘ஆமா, ஆமா, ஆமா’ன்னு சொன்ன மாதிரி கேட்டிருக்கு. உங்கப்பா சம்மதிச்சுட்டாருன்னு எனக்கு உடனே போன். நானும் நம்பிட்டேன். அவங்கம்மாவுக்கும் சொல்லியாச்சு. சனிக்கிழமை கிளம்பி வர்றாங்க.

— அடக் கடவுளே. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?

— ஒரு வார்த்தை தெரியாது. இருங்க, இப்பவே அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடறேன். அவ்வளவு தூரம் வந்தப்புறம் இல்லைன்னா, அம்மாவும் பிள்ளையும் தாங்கமாட்டாங்க.

— அவசரப்படாத. போனைக் கீழ வை.

— ஏம்ப்பா?

— எழுத்து வரிசைக்கெல்லாம் ஒவ்வொரு டாதான் போட்டான். என் பொண்ணை நல்லாப் பாத்துக்குவியான்னு கேட்டப்ப ரெண்டு போட்டான்.

— இதை ஏன் முதல்லயே சொல்லல?

— எனக்கு அப்ப அது ரெட்டை அவமரியாதையால்ல பட்டுச்சு. ஆமா, அவங்க மொழியில ‘இல்லை’ங்கிறதுக்கு என்ன வார்த்தை?

— எதுக்குப்பா கேக்குறீங்க?

— அந்தம்மா முன்னாடி தப்பித் தவறி அது என் வாயில வந்துடக் கூடாதுல்ல.