சிவப்புத் துணி இல்லாத கதவு

ஜெர்பராப் பூவைக் கத்தரியால் வெட்டக் கூடாது, இன்ஸ்பெக்டரம்மா. காம்பின் அடியைப் பிடித்துச் சாய்த்து இழுத்தால் கழன்று வந்துவிடும். வெட்டினால் செடியில் நிற்கும் மிச்சக் காம்பு அழுகி, செடியையே கெடுத்துவிடும். ஒலக்கூர் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கிருஷ்ணவேணி தோட்டத்தில் ஒரு செடி அழுகியதில்லை.

என் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி இறந்தபோது எங்கள் நிலத்தில் மல்லாட்டைதான் இருந்தது, நீங்கள் வேர்க்கடலை என்பீர்களே, அது. பாலிதீன் கூரை போட்டுப் பசுமைக்குடில் அமைத்துப் பூ வளர்க்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் வளர்த்தேன். பூவையும் வளர்த்தேன், என் மகன் அரிபிரசாத்தையும் வளர்த்தேன். அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் எதையும் ஆசைப்பட்டதில்லை.

மருமகளை எனக்குப் பிடிக்காது என்று அவள் வீட்டார் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பொய். காயத்ரி விழுப்புரத்துப் பெண். வந்த புதிதில் மஞ்சள் ஜெர்பராவைக் காதோரம் செருகிக்கொண்டு, "ஏன் அத்தே, இந்தப் பூவுக்கு வாசமே இல்ல, மருந்துக்குத்தான் வாசம்" என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். அவள் தலைக்கு எண்ணெய் வைத்தது என் கைதான்.

கர்ப்பமானதும் அந்தக் கேலி நின்றுவிட்டது.

"கொழந்தைய இந்த நெடியில வளக்க முடியாது அத்தே. நாங்க மெட்ராஸ் போறோம். அவருக்கு வேல கூட பாத்தாச்சி."

அரி தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"பூவ யார்றா பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"குத்தகைக்கு உட்டுடலாம்மா. நீயும் எங்ககூட வந்துடேன்."

விருந்தாளியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான்.

புதுச் செடி நட்டால் முதலில் வருகிற மொட்டுகளைக் கிள்ளிவிடுவோம். பார்க்கிறவர்களுக்கு மனசு வராது. ஆனால் அதைப் பூக்க விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய்விடும், செடி வேர் பிடிக்காது. கிள்ளினால் அந்த இடத்திலேயே ஊன்றி நிற்கும். பின்னால் வருகிற பூவெல்லாம் நமக்குத்தான். காயத்ரி எங்கள் வீட்டில் இன்னும் வேர் பிடிக்கவில்லை. நான் நினைத்தது அவ்வளவுதான்.

குடிலுக்குள் பூச்சிமருந்து அடித்தால் கதவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவோம். பக்கத் திரைகளைச் சுருட்டி, காற்றுப் புகுந்து நெடி போன பிறகு துணியை அவிழ்ப்பது என் வேலை. வேறு யாரும் தொட மாட்டார்கள். சாமி படத்தைவிட அந்தத் துணிக்கு எங்கள் வீட்டில் மரியாதை அதிகம். காயத்ரிக்கு நானே சொல்லிக் கொடுத்தது அது.

அன்று அரி மருந்தடித்துத் துணியைக் கட்டிவிட்டு, பூப்பெட்டிகளை வண்டி ஏற்றக் கூட்டேரிப்பட்டுக்குப் போயிருந்தான். நான் திரைகளைத் திறக்கவில்லை. துணியை மட்டும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கல்யாண மேடைக்கு இன்னும் ஒரு பக்கெட் பூ வேண்டும் என்று காயத்ரியைக் கூப்பிட்டேன்.

கதவருகே வந்து மூக்கைச் சுளித்தாள். "நெடி இன்னும் போவலியே அத்தே."

"துணி இருக்குதா பாரு."

"இல்ல."

"அப்பறம் இன்னா? ஜல்தி பறிச்சிக்கினு வா."

தன் மூக்கைவிட அந்தத் துணியை நம்பினாள். நல்ல பெண் என்று நான் சொல்வது அதனால்தான்.

காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும் என்று வெளியே கொக்கியை மாட்டினேன். அன்று காற்றே இல்லை என்கிறீர்கள். இருக்கலாம்.

குடில் வாசலிலேயே உட்கார்ந்து, ஏற்கெனவே பறித்திருந்த பூக்களுக்கு இதழ் மடங்காமல் பிளாஸ்டிக் உறை மாட்டினேன். "அத்தே, கதவு" என்றாள். பிறகு இருமினாள். பிறகு கதவை நகத்தால் கீறுகிற சத்தம். மொட்டைக் கிள்ளும்போது செடி கொஞ்சம் அதிரத்தான் செய்யும். கையிலிருந்த வேலை முடிந்ததும் திறந்தேன்.

அரி வந்து அவளைத் தூக்கும்போது என் இடுப்பைப் பார்த்துவிட்டான்.

"துணி ஏம்மா உங்கிட்ட இருக்குது?"

"நான்தான் அவுத்தேன்," என்றேன். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. அவன்தான் அந்தத் துணியை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். கோபம் ஆறிவிடும். பூவை விட்டுவிட்டு எங்கே போவான்? இனி மெட்ராசுக்குக் கூட்டிப் போகவும் ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு உயிரும் போய்விட்டது என்கிறீர்கள். இரண்டு கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மற்றதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாளைக்கே அந்தக் கதவு முன்னால் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். ஆனால் செய்யாததை என் தலையில் கட்டாதீர்கள். நான் கிள்ளியது மொட்டை மட்டும்தான், இன்ஸ்பெக்டரம்மா. செடியை நான் தொடவேயில்லை.