செங்கல் நிறச் சுடரும் எடை பார்க்கும் அறையின் சுவரும்

எங்கள் பகுப்பாய்வுக் கூடத்தின் மூத்த வேதியியலரே, முப்பத்தோராண்டு சுடரோடும் சோதனைக் குழாயோடும் சோர்வின்றி வாழ்ந்து இன்று ஓய்வு பெறுபவரே, சொந்தப் பெயர் மறைந்து ‘செங்கல் அக்கா’ என்றே எல்லோராலும் அழைக்கப்படுபவரே, வணக்கம்.

அந்தப் பெயர் வந்த வழியைப் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். கால்சியம் உப்பைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால் செங்கல் நிறம் எழும். காட்டும்போதெல்லாம் தாங்கள் சொல்வீர்கள்: “இருபதாம் எண் தனிமம். வெள்ளி மாதிரி மினுங்குற உலோகம். ஆனா இயற்கையில தனியா கிடைக்காது, எதோடயாவது ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். சுண்ணாம்புக்கு லத்தீன்ல இருந்த பேரை வச்சு இதுக்குப் பேர் வச்சாங்க. அதுக்காக, கால்சியம் இருக்கிறதெல்லாம் சுண்ணாம்பு ஆயிடாது.”

கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்த வாரத்தில், வெள்ளையடிப்பதற்காக ஒரு பழைய அலமாரியின் பூட்டை உடைத்தோம். உள்ளே இரண்டு பெரிய ஜாடிகள். இரண்டிலும் ‘சுண்ணாம்பு’ என்று எழுதியிருந்தது. ஒன்றை வெள்ளையடிப்பவர்களிடம் கொடுத்தது நாங்கள்தாம். அவர்கள் அதை வாளியில் கலந்து எடை பார்க்கும் அறையின் சுவரில் பூசி முடித்த பிறகே தங்களுக்குத் தெரிந்தது. சோதிக்காத பொருளை வெளியே விடாத தாங்கள், மற்றதைத் திறந்தீர்கள்.

நீர் விட்டீர்கள். சுட்ட சுண்ணாம்பு என்றால் கொதித்திருக்கும்; சூடுகூட ஏறவில்லை. அமிலம் விட்டீர்கள். சுண்ணாம்புக்கல் பொடி என்றால் நுரைத்திருக்கும்; சத்தமில்லாமல் கரைந்தது. சுடர் மட்டும் செங்கல் நிறம். பாஸ்பேட்டுக்கான மருந்தைச் சேர்த்துச் சூடாக்கியதும் மஞ்சள் படிந்தது. எலும்புச் சாம்பல். சலித்தபோது, தங்க உறை போட்ட ஒரு பல் சல்லடையில் நின்றது.

அதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன் காணாமல் போன கிடங்குக் காப்பாளருக்கு அப்படியொரு பல் உண்டு. வேலையை விட்டு ஓடிப்போனார் என்பது பதிவேடு. அவர் மனைவி மாதந்தோறும் வாசலில் வந்து விசாரித்துவிட்டுப் போவார்.

திரும்பி வந்த கண்காணிப்பாளர், “கால்சியம்னு மட்டும் எழுதுங்கம்மா. அது பொய்யில்லையே. உங்க பதவி உயர்வு ஃபைல் என் மேசையிலதான் இருக்கு” என்றார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: நாங்களும் எழுதிவிடச் சொன்னோம்.

தாங்கள் எங்களில் ஒருவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டீர்கள்: “அந்தம்மா வந்து நின்னா, ‘உன் புருஷன் கால்சியம்’னு நீ போய்ச் சொல்றியா?”

‘மனித எலும்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். மறுநாள் கண்காணிப்பாளர் வரவில்லை, பிறகும் வரவில்லை. மாதிரிகளைச் சாம்பலாக்கும் உலையின் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தங்கள் ஃபைலையும் காணவில்லை.

காப்பாளரின் மனைவியைத் தாங்களே கைபிடித்து எடை பார்க்கும் அறைக்குள் அழைத்து வந்தீர்கள். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். “ஒன்பது வருஷமா வாசல்லயே நின்னு கேட்டுட்டுப் போனேன். நீங்க உள்ளதான் இருந்திருக்கீங்க” என்று சுவரிடம் சொன்னார். கையில் ஒட்டிய வெள்ளையைத் துடைக்காமல், விரல்களை மூடிக்கொண்டு போனார்.

அதன்பின் அந்தச் சுவரைச் சுரண்டவோ மறுபூச்சு பூசவோ தாங்கள் விடவில்லை. மூடிய அறையில், காற்றே இல்லாதபோதும், தராசின் முள் சில நாள் நிலைகொள்வதில்லை. அப்போதெல்லாம் தாங்கள் எழுந்துபோய் அங்கே சற்று நேரம் உட்காருவீர்கள், முள் நின்றுவிடும். காரணம் கேட்டால், “தெரியாததுக்குப் பேர் வைக்கக் கூடாது” என்பீர்கள்.

தாங்கள் எலும்பும் வலுவும் குன்றாமல் நெடுங்காலம் நடமாட வேண்டும். நாளை முள் ஆடினால் எங்களில் யார் போய் உட்காருவது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

என்றும் அன்புடன்,
பகுப்பாய்வுக் கூடத்துப் பணியாளர்கள்