மைவி சீட்டுக்கு அடியில்

கார் சீட்டுக்கு அடியில் சப்வூஃபர் ஸ்பீக்கர் பொருத்துகிறவர்களில் பாதிப் பேர் எர்த் வயரைச் சரியாகப் போடுவதில்லை. சீட் போல்ட்டில் ஒரு சுற்றுச் சுற்றி முடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தரையின் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் வயரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெலாப்பாங்கில் பதினேழு வருஷமாக 'தனேஸ்வரன் கார் ஆடியோ' நடத்துகிறேன். ரீங்காரம் என்று என்னிடம் திரும்பி வந்தது தீபன் ஒருவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் அவன் காருக்குள் இருந்தேன் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தீபன் என் தங்கை தினேஸ்வரியின் கணவன். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். கல்யாணத்தைப் பேசி முடித்தவனும் நான்தான். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். குடிப்பதில்லை. எனக்கு அவனிடம் பிடித்ததே அதுதான். சிம்மோர் பக்கம் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் வரிசை வீடு ஒன்று வாங்கிக் குடியிருந்தார்கள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் தங்கை ஒரு துணிப்பையோடு என் கடைக்கு வந்து நின்றாள். இடது காதிலிருந்து இரத்தம் வடிந்து சட்டைக் காலரில் காய்ந்திருந்தது. குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தேன். மழை விட்டதும் நானே காரில் அவள் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டேன். இரண்டாம் தடவை இரண்டு விரல்கள் ஒடிந்திருந்தன. கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். கார் கதவில் நசுங்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னவன் நான். அவள் திரும்பும் வழியில்தான் பேசினாள்.

"அண்ணே, ஒங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல படுத்துக்கிறேன். ஒரு மூலையில கெடக்கிறேன்."

"கொஞ்சம் பொறுத்துக்க லா. யஸ்வினி விஷயம் முடியட்டும்."

யஸ்வினி என் மகள். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அங்கே படிக்கும்போது மதீசன் என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பையனின் அப்பா சிவானந்தன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பதற்கு முன்பே மூன்று தலைமுறையை விசாரித்தவர். பெண்ணின் அத்தை வீட்டில் போலீஸ் கேஸ் என்று அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். என் மகள் என்ன தப்புச் செய்தாள்?

போன பிப்ரவரியில் தங்கையின் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஒந்தங்கச்சி கத்துறது சொவத்துக்கு இந்தப் பக்கம் கேக்குது. சோறு எறங்க மாட்டேங்குது எனக்கு. இன்னொரு தடவ கேட்டேன்னா பாலாய்க்குப் போயி போலீஸ் ரிப்போர்ட் போட்டுருவேன்."

"அவசரப்படாதீங்க அக்கா. நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

சொன்னபடி பார்த்தேன். இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பெண்ணின் குரலை பாஸ் ஒலி அமுக்காது. குரல் மேலே நிற்கும், பாஸ் கீழே ஓடும். இரண்டும் வேறு வேறு. ஆனால் அந்த வரிசை வீடுகளில் கண்ணாடிப் பட்டைச் சன்னல்கள், போர்ச்சுக்கு மேலே தகரம். நல்ல பாஸ் ஒன்று விழுந்தால் கண்ணாடியும் தகரமும் கடகடவென்று ஆடும். அந்த ஆட்டத்தில் குரல் கரைந்துவிடும். தீபனின் மைவி கார் நிற்கும் போர்ச்சு ராக்காயி அக்கா வீட்டுச் சுவரை ஒட்டியது.

ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் தட்டையான எட்டு அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பொருத்தினேன். ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், கியருக்குப் பக்கத்தில். கல்யாண நாள் பரிசு என்றேன்.

"எதுக்கு மச்சான் இதெல்லாம்?" என்றான் தீபன்.

"வீட்டுல கோவம் வந்துச்சுன்னா மொதல்ல பாட்டப் போடு. அப்புறமா பேசு."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். நானும் சிரித்தேன்.

இரண்டு வாரத்தில் ராக்காயி அக்கா மறுபடி போன் செய்தார். "அந்தப் பய பாட்டுப் போட்டு உயிர வாங்குறான் தம்பி. அலமாரியில பீங்கான் எல்லாம் நடுங்குது." கண்டித்து வைக்கிறேன் என்றேன். புகார் பாட்டைப் பற்றியதாக மாறிவிட்டது. தாமானில் எல்லா இடத்திலும் இருக்கிற புகார். எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

நான்கு மாதம் ஓடியது. அந்த ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு ரீங்காரத்தைப் பார்க்கப் போனேன். யஸ்வினியின் நிச்சயதார்த்தத்துக்கு ஆறு நாள் இருந்தது. தினேஸ்வரி எனக்குத் தேநீர் கொண்டுவந்து கார் பானட்டின் மேல் வைத்தாள். ஒரு கண் முழுசாகத் திறக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, நாளைக்கு ராக்காயி அக்காகூட பாலாய்க்குப் போறேன். ஒங்ககிட்ட மொதல்ல சொல்லிரணும்னு இருந்துச்சு."

ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். தலையை ஆட்டினாள், முடியாதென்று. என் பேச்சை அவள் மறுத்தது அதுதான் முதல் தடவை.

அவள் உள்ளே போன பிறகு தீபனிடம் சொன்னேன். கணவனுக்குத் தெரியாமல் அப்படி ஒரு காரியம் நடப்பது முறையில்லை என்று பட்டது. அவன் என் பெட்டியிலிருந்து போல்ட் முடுக்குகிற பெரிய ராட்செட்டை எடுத்தான். அரை முழ நீளம், கனமான இரும்பு. எடுத்துக்கொண்டு உள்ளே போனான். என்னிடம் இன்னொன்று இருந்தது, அதனால் நான் திருப்பிக் கேட்கவில்லை.

எர்த் வயர் அதிர்வில் தளர்ந்திருந்தது. வேறு இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி முடுக்கினேன். சீட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே முதல் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். ராக்காயி அக்காவின் கதவு திறந்தது. எப்படியும் வேலையைச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதனால் பாட்டைப் போட்டேன். கம்பிக் கதவு வழியாக அவர் என்னைப் பார்த்து என்னவென்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று நான் கையை அசைத்தேன். காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான்.

ரீங்காரம் இல்லை. ஒலி சுத்தமாக இருந்தது.

தீபன்தான் அடித்தான். அவள் மண்டையில் ஏழு இடத்தில் விரிசல் என்று நீங்கள் பிரேதப் பரிசோதனைப் படம் காட்டினீர்கள். அதில் ஒன்றுகூட என் கை பட்டதல்ல. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கார்க் கண்ணாடியில் இருந்த அவள் கை அடையாளம் எப்படி வந்தது என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அவள் வெளியே வந்தாள். இரண்டாவது பாட்டு பாதியில் இருந்தது. முடி முகத்தோடு ஒட்டியிருந்தது, தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வெளிக் கேட்டு பூட்டியிருந்ததால் காரைப் பார்த்து வந்தாள். என் பக்கத்துக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். கார் சாவி என்னிடம் இருந்தது. ஏற்றிக்கொண்டு கேட்டை இடித்துப் போயிருக்கலாம். அவள் கை கதவுப் பிடிக்கு இறங்குவதைப் பார்த்து நான் பூட்டை அழுத்தினேன். நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

தீபன் பின்னாலிருந்து அவள் முடியைப் பிடித்தான். வாசற்படியில் ஒரு தடவை அடித்தான், பிறகு உள்ளே இழுத்துக்கொண்டு போனான். போகிற வரைக்கும் அவள் என்னைத்தான் பார்த்தாள். அந்தத் தாடையோடு "அண்ணே" என்று கூப்பிட்டாள். அவ்வளவு சத்தத்திலும் எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

குமிழில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அதையும் திருகினேன்.